பிப்ரவரிக்குக் காத்திராத குஞ்சுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் பிப்ரவரியில் இரண்டு வாரம் நடக்கிறது என்ற செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். படித்த தாளை மறுநாளே குஞ்சுப் பெட்டியில் உமியின் மேல் விரித்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். முதல் சில நாள் தாள் இல்லாவிட்டால் குஞ்சுகள் நொய்யை விட்டுவிட்டு உமியைக் கொத்தித் தின்னும்.

மாட்டுப் பொங்கல் கழித்து, ஜனவரி 16 அன்று அடை வைத்தேன். பிப்ரவரி 6 அன்று பதினொரு குஞ்சுகள் பொரிந்தன. மறுநாள் தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. ஆகவே அட்டைப்பெட்டியும் 60 வாட்ஸ் குண்டு பல்பும்தான் அவற்றுக்குத் தாய். அந்தப் பல்புக்காக நீடாமங்கலம் கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் எல்.இ.டி. பல்பை நீட்டுகிறார்கள், அதில் வெளிச்சம் வருமே தவிரச் சூடு வராது.

12-ஆம் தேதி முகாம்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரிய கோழிகளுக்கு ஊசி போட்டார்கள். பெட்டியைக் காட்டினேன். அந்த ஊசி எட்டு வாரம் ஆன கோழிகளுக்குத்தானாம். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டிய சொட்டு மருந்து வேறு. அதை அவர்கள் கொண்டுவரவில்லை. கால்நடை மருந்தகத்துக்கு நடந்தேன். அங்கிருந்தவர் தன்மையாகத்தான் பேசினார். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கான மருந்து இருக்கிறது, கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், பதினொன்றுக்காக எப்படி உடைப்பது என்றார். நூறு சேர்த்துக்கொண்டு வாருங்கள் அம்மா என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொல்லையில் கோழி வளர்க்கிறவளிடம் ஒரே சமயத்தில் நூறு குஞ்சு எங்கிருந்து வரும்?

கழிச்சல் என்ன செய்யும் என்பதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டேன். என் கொழுந்தனார் சந்தையிலிருந்து ஒரு விடைக்கோழி வாங்கிவந்தார். அன்றிரவே அதை மற்றவற்றோடு கூண்டில் அடைத்தேன். அது என் புத்திக்கேடு. ஆறாம் நாள் அது வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கழுத்து திருகிக்கொண்டு விழுந்தன. மாமியார் சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தார். நோய் கண்டபின் எந்த மருந்தும் கேட்கவில்லை. முப்பத்தொன்றில் எட்டுதான் மிஞ்சின. இப்போது புதுக்கோழி எது வந்தாலும் தென்னையடியில் தனிப் பஞ்சாரத்தில் மூன்று வாரம் கிடக்கும். அதன் பிறகும் பகலில் விடமாட்டேன். இருட்டிய பின் கூண்டில் ஏற்றுவேன். விடிந்ததும் பழைய பெட்டைகள் நாலு கொத்து கொத்தத்தான் செய்யும். ஆனாலும் பகலில் விட்டால் நடக்கிற அளவுக்குச் சண்டை இருக்காது.

நூறு இல்லாவிட்டாலும் அதற்குக் கிட்டத்தில் சேர்க்கும் வித்தை எங்களுக்கு ஒருமுறை கைகூடியிருக்கிறது. போன ஆவணியில் எங்கள் தெருவில் ஆறு வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி ஒரே நாளில் அடை வைத்தோம். முந்திக்கொண்டு அடைக்கு உட்கார்ந்த கோழிகளைக் கூமுட்டையின் மேல் ஒரு வாரம் உட்கார வைத்து ஏமாற்றினோம். வேலித் தகராறில் மூன்று ஆண்டுகள் என்னோடு பேசாதிருந்த எதிர்வீட்டு அக்காவும் சேர்ந்துகொண்டார். (இப்போதும் குஞ்சுக் கணக்கைத் தவிர வேறு பேச்சு இல்லை.) எழுபத்துநான்கு குஞ்சுகள் பொரிந்தன. ஏழாம் நாள் ஐஸ் போட்ட பிளாஸ்கோடு ஆள் வந்து ஒரே குப்பியில் எல்லாவற்றுக்கும் சொட்டு விட்டுப்போனார். காக்கையும் பருந்துமாக ஒன்பதைத் தூக்கின. ஐப்பசி அடைமழையில் நனைந்து நான்கு போயின. கழிச்சலில் ஒன்றுகூடப் போகவில்லை.

இந்தத் தையில் அது முடியவில்லை. களத்தில் சிந்திய நெல் தின்று குஞ்சு வளரும் காலம் இதுதான்; ஆனாலும் அடைக்கு உட்கார்ந்தவை இரண்டு வீட்டுக் கோழிகள் மட்டுமே. மருந்து எந்த நாளில் வரும் என்பதும் யாருக்கும் தெரியாது.

கால்நடைத் துறையிடம் நான் கேட்பது மாதத்தில் ஒரே ஒரு நாள். எங்கள் கோரையாற்றங்கரை ஊர்களில் ஊராட்சிக்கு ஒன்றாக, இன்ன கிழமை குஞ்சுக்குச் சொட்டு மருந்து என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடட்டும். தேதி தெரிந்தால் 28 நாள் பின்னோக்கி எண்ணி முட்டை வைக்க எங்களுக்குத் தெரியும். அடைகாக்க இருபத்தொன்று, பொரித்த பின் ஏழு. நான்கு தெருவும் அந்தத் தேதிக்கே அடை வைத்தால் ஒரு குப்பி உடைப்பது வீணாகாது.

பெட்டியில் இருந்த பதினொன்றில் இன்று ஒன்பது இருக்கின்றன. இன்னும் மருந்து போடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.