கலாவுக்கு, பாத்ரூம் விஷயமாக

மேடவாக்கம்
ஞாயிறு மாலை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அதான் உட்கார்ந்து எழுத நேரமில்லை. ஆண் குழந்தை, மூன்று கிலோ. ராத்திரியெல்லாம் விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறான். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கேட்காதே.

திருச்சி கே.கே. நகரில் ஃபிளாட் பதிந்துவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரியிலேயே பில்டர் கொடுத்த அப்கிரேடு பட்டியலைப் பற்றி எழுதியிருந்தாயே, அங்கேதான் என் கண் நின்றுவிட்டது. "வெளியே ஆள் வைத்தால் பாதி விலைக்கு முடியும்" என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறாராம். இதே வார்த்தையைத்தான் எங்கள் வீட்டுக்காரரும் சொன்னார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீ முடிவு பண்ணு.

எங்களுக்கு இரண்டு பாத்ரூம். ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டு. சுவரும் தரையுமாகச் சேர்த்தால் 410 சதுர அடி டைல்ஸ். பில்டர் தரும் டைல்ஸ் சதுர அடி 45 ரூபாய் ரகம், ஆஸ்பத்திரி வெள்ளை. நல்ல டைல்ஸ், நல்ல குழாய் என்று கேட்டதற்கு 1,35,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று சீட்டு கொடுத்தார்கள். மொத்தம் 1,59,300. அதே டைல்ஸ், குஜராத் மோர்பியில் செய்தது, வெளிக்கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது. பில்டர் தரும் டைல்ஸ் வேண்டாமென்றால் அதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டால் ஒரு சொற்பத் தொகை சொன்னார்கள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவி வாங்கியதும் நாமே மாற்றிக்கொள்ளலாம்" என்றார். வெளியே ஒரு டைல்ஸ்காரர் 80,000 ரூபாய்க்கு எல்லாம் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

முடித்தும் தந்தார். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் பழைய தரையை உடைக்க மெஷின் வைத்தபோது, அடியில் இருந்த வாட்டர்புரூஃப் பூச்சும், தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பைச் சுற்றிக் கிழிந்துபோயிருக்கிறது. அது எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. ஐப்பசி மாதம் கீழ் வீட்டம்மா கதவைத் தட்டினார். அவர்கள் பாத்ரூம் கூரையில் தட்டு அகலத்துக்கு மஞ்சள் ஓதம், நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

பில்டரைக் கூப்பிட்டோம். 2016-ஆம் வருஷத்து ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. வேலையில் குறை இருந்தால், சாவி வாங்கி ஐந்து வருஷத்துக்குள் சொல்லிவிட்டால், 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். பிரிவு 14. இவர் அதை மனப்பாடமாக ஒப்பித்தார். வந்த இன்ஜினியர் பையன் குனிந்து தரையைப் பார்த்தான், போட்டோ எடுத்தான், மரியாதையாகத்தான் சொன்னான்: "இது நாங்க போட்ட டைல்ஸ் இல்லையே மேடம்." என்ன பதில் சொல்ல? டைல்ஸ்காரரோ, "பூச்சு பில்டர் வேலை" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

மறுபடி உடைத்துப் பூச்சு போட்டு டைல்ஸ் ஒட்ட 62,000. கீழ் வீட்டுக் கூரைக்குப் பட்டி, பெயிண்ட் 9,000. ஆக மொத்தம் 1,51,000. பில்டரிடமே கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட 8,300 ரூபாய் மிச்சம். அந்த 8,300 ரூபாய்க்காக மூன்று மாதம் கீழ் வீட்டம்மா லிஃப்டில் வந்தால் நான் படியேறினேன், இந்த முழங்காலோடு.

அதனால் சொல்கிறேன். டைல்ஸுக்கு அடியிலும் சுவருக்குள்ளும் போவது எதுவானாலும் பில்டரே செய்யட்டும், விலை கசந்தாலும் பரவாயில்லை. நாளைக்குக் கசிந்தால் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டும். டைல்ஸ் மட்டும் நீயே வாங்கிக் கொடுத்தால் அவர்கள் ஆள் ஒட்டுவார்களா என்று கேட்டுப்பார், சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். உடையும், வெட்டும் என்று பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிவிடு. பின்னால் அதே ஷேடு கிடைக்காது.

திருகாணி கழற்றினால் வந்துவிடுவதெல்லாம் வெளியே வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடி, டவல் கம்பி, கண்ணாடித் தடுப்பு, ஹெல்த் ஃபாசெட் இதையெல்லாம் அப்கிரேடு என்று போட்டு அவர்கள் கேட்கும் விலை அநியாயம். குழாயில் மட்டும் கவனம். தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர் வைத்தால் அதன் பாடி சுவருக்குள் புதைந்துவிடும். உள்ளே ஒரு கம்பெனி பாடி இருக்க, வெளியே இன்னொரு கம்பெனி கைப்பிடி உட்காராது. எந்தக் கம்பெனி என்பதைச் சுவரில் காடி எடுக்கும் முன்பே முடிவு பண்ணிவிடு. கீசர் பாயிண்டும் அப்படித்தான். உன் மாமியாருக்குப் பிடிமானக் கம்பி வேண்டியிருக்குமே, அது வருகிற இடத்தில் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வை.

கறுப்புக் குழாய் ஆசைப்பட்டு வாங்கினேன். எங்கள் போர் தண்ணீரில் ஒரே மாதத்தில் திருநீறு பூசினாற்போல் ஆகிவிட்டது. உனக்குக் காவிரித் தண்ணீர், அந்தக் கவலை இல்லை. ஆனால் தரைக்குப் பளபள டைல்ஸ் மட்டும் வேண்டாம், ஈரக்காலோடு வழுக்கும். மேட் ஃபினிஷ் போடு.

இன்னொன்று. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அரை சதவீதம்கூடக் குடிக்காது, சிமெண்ட் பால் ஊற்றினால் அதில் பிடிக்காது. டைல்ஸ் பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள். பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் போடும் முன், இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைக்கச் சொல். நீயே போய்க் கீழ் வீட்டிலிருந்து அண்ணாந்து பார். பாத்ரூம் தரையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வாட்டம் சரியாக இருக்கிறதா என்றும் பார், மூலையில் தேங்கினால் விடாதே. எங்கள் வீட்டில் இதில் ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை.

பணம் விஷயம் ஒன்று. அப்கிரேடு தொகையை எங்கள் பேங்க் லோனில் சேர்க்கவில்லை, கையிலிருந்துதான் கட்டச் சொன்னார்கள். உங்கள் பேங்கில் கேட்டுக்கொள். கட்டும் முன் எந்த மாடல், எந்த அளவு, எத்தனை சதுர அடி எல்லாம் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்தாகட்டும். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

தை பிறந்ததும் பேரனைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் வருவதாக இருக்கிறோம். அதற்குள் உன் வீட்டில் டைல்ஸ் ஒட்டியிருந்தால் சொல், பத்து ரூபாய் நாணயம் ஒன்று எடுத்து வருகிறேன். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம், அடியில் பசை பிடிக்காமல் டொப்டொப்பென்று கேட்பதற்கெல்லாம் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டுவிடலாம். வாத்தியார் வேலை பார்த்த கை, சும்மா இருக்குமா.

அன்புடன்,
செல்வி