பெரிய ஆபரேஷன் கிட்டை ஏன் நிறுத்துகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து, ஒரு ஆபரேஷனுக்கு வேண்டிய கவுன், துணி, பஞ்சு எல்லாம் ஒரே கவரில் அடங்கிய பெரிய ஆபரேஷன் கிட்டைக் கடையில் ஸ்டாக் வைக்க மாட்டோம். கேட்டால் மட்டும் வரவழைத்துத் தருவோம். 'ஓடுகிற சரக்கை ஏன் நிறுத்துகிறீர்கள்?' என்று சிலர் போனில் கேட்டுவிட்டார்கள். அதற்குத்தான் இந்த மடல்.

போன மாதம் டெலிவரிக்குப் போன ஒரு நர்சிங் ஹோமில், ஆபரேஷன் முடிந்த ட்ரேயைத் தியேட்டர் சிஸ்டர் காட்டினார். நாங்கள் விற்ற கிட்தான். கை படாத கவுன் ஒன்று, மடிப்புக் கலையாத ட்ரேப் (நோயாளி மேல் போர்த்தும் விரிப்பு) இரண்டு, ஒரு கட்டு காஸ் துணி. வெளிக்கவரைப் பிரித்துவிட்டால் உள்ளே இருப்பதை அடுத்த நோயாளிக்கு வைக்க முடியாது. எல்லாம் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்கு, அங்கிருந்து எரியுலைக்கு. வாங்கவும் காசு, எரிக்கவும் காசு. விற்றவர்கள் என்ற முறையில் கூச்சமாகத்தான் இருந்தது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் நரம்பியல் அறுவைப் பிரிவில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு ஆபரேஷனுக்குச் சராசரியாக 653 டாலர் பெறுமான பொருள் பயன்படாமலே வீணாகியிருந்தது. 2017-இல் வெளியான கணக்கு இது.

நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு நேரெதிர். கருவிகளைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதால், அங்கே ஒரு கண்புரை ஆபரேஷனுக்கு ஆகும் கார்பன் வெளியீடு பிரிட்டனில் ஆவதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. தொற்று அதனால் கூடவும் இல்லை. கண்ணுக்குச் சரிவருவது வயிற்று ஆபரேஷனுக்கு அப்படியே சரிவராது என்பதும் உண்மை.

அதனால் நாங்கள் கேட்பது ஒன்றுதான். உங்கள் டாக்டர் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் நிஜமாகவே எதைத் தொடுகிறார் என்று சிஸ்டரிடம் பட்டியல் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதன்படி தனித்தனி ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) பாக்கெட்டாகத் தருகிறோம். அவசரத்துக்கு வேண்டியதைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முக்கியமாகச் சூச்சர், அதாவது தையல் நூல். டாக்டர் கேட்ட பிறகு கவரைப் பிரித்தால் போதும். சின்ன ஆபரேஷன்களுக்குத் துவைத்து ஆட்டோகிளேவ் செய்யும் (நீராவியில் கிருமி நீக்கும்) துணி ட்ரேப்பும் வைத்திருக்கிறோம். ஆனால் சிசேரியன் மாதிரி ஈரம் அதிகமாகும் இடத்தில் அது வேண்டாம். துணி நனைந்தால் கிருமியைத் தடுக்காது.

அப்புறம், ரத்தம் படாத வெளிக்கவர்களை மஞ்சள் பையில் போடாதீர்கள். அது சாதாரணக் குப்பைதான்.

கையிருப்பில் உள்ள கிட்டுகள் தீரும்வரை பழைய விலையிலேயே கிடைக்கும். எக்ஸ்பைரி தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஸ்டெரைல் சரக்கைத் திரும்ப எடுக்க இயலாது, மன்னிக்கவும்.

அன்புடன்,
உங்கள் சர்ஜிக்கல் கடையினர், மதுரை