சிக்கல் சண்முகசுந்தரமும் உன் தாத்தாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்கு இடையே துண்டு துண்டாகப் பார்த்ததுண்டே தவிர, முழுமையாகப் பார்த்தது சிறுமியாக இருந்தபோதுதான். உன்னிடம் இதைப் பற்றித் தொலைபேசியில் பேசினால் பாதியில் சிரித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

படம் 1968-இல் வெளிவந்தது. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்வதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்காருவோம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் இடைவேளை விடுவார்கள். முறுக்குக்காரருக்கு அதுதான் வியாபாரம். கதாநாயகனான நாதஸ்வரக்காரன் சண்முகசுந்தரம் எங்களுக்குப் பக்கத்து ஊரான சிக்கலைச் சேர்ந்தவன் அல்லவா? கந்த சஷ்டியில் வேல் வாங்கும் நாளன்று சிங்காரவேலருக்கு வியர்ப்பதைப் பார்க்க ஆண்டுதோறும் போய் வந்த ஊர் அது. 'சிக்கல்' என்று திரையில் யாராவது சொன்னாலே கொட்டகை முழுவதும் விசில் பறக்கும்.

உன் தாத்தாவுக்கு அது நாதஸ்வரப் படம். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும் என்பதை ஒவ்வொரு காட்சியிலும் எங்களுக்கு நினைவூட்டிவிட்டு, நாங்கள் பதில் பேசினால் "சத்தம் போடாதே" என்று அவரே அதட்டுவார். ஆனாலும் மூச்சுக்குத் தகுந்தபடி உப்பும் கன்னத்தையும் புடைக்கும் கழுத்து நரம்பையும் காட்டி, சிவாஜி வாசிக்கவில்லை என்று யார் நம்புவார்கள் என்றும் கேட்பார். அம்மாச்சியின் கட்சி வேறு. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடரை, கோபுலுவின் சித்திரங்களோடு வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தவர் அவர். கதையில் பாதியைப் படத்தில் காணோம் என்பது அவருடைய தீராத குறை. வாய்க்கால் கரையோரம் வீடு திரும்பும் வழியெல்லாம் இதே வழக்குதான்.

அந்த வயதில், வாசிப்புக்கு நடுவே வேட்டுச் சத்தம் கேட்டதும் கோபித்துக்கொண்டு எழுந்து போகும் சண்முகசுந்தரம் எனக்குப் பெரிய வீரனாகத் தெரிந்தான். இப்போது அந்தக் கோபம் சலிப்பைத் தருகிறது. அவன் ஒருவன் முறுக்கிக்கொண்டால் கோஷ்டியில் இருக்கும் அத்தனை பேரின் கூலியும் போகுமே என்றுதான் தோன்றியது. தவில்காரராக வரும் பாலையாவின் முகத்தைக் கவனித்துப் பார், அந்தக் கவலை அதில் எழுதியிருக்கிறது. மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியைப் பார்த்து அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம்; நேற்று, இத்தனை போட்டிக்கும் பொறாமைக்கும் நடுவில் சூது இல்லாத மனசு அவளுடையதுதான் என்று பட்டது.

'நலந்தானா' பாட்டை மட்டும் நிறுத்தி இன்னொரு முறை பார்த்தேன். கத்திக்குத்துப் பட்டுத் தேறி வந்தவனிடம் தனியே ஒரு வார்த்தை கேட்க வழியில்லாமல், சபை முழுவதும் பார்த்திருக்க ஆடிக்கொண்டே கேட்கிறாள், அவனைக் காதலிக்கும் நாட்டியக்காரி மோகனாவாக வரும் பத்மினி. கண்ணதாசனின் சொற்களும் சுசீலாவின் குரலும் அவளுக்காகத் தூது போகின்றன. அவன் நாதஸ்வரத்தில் பதில் சொல்கிறான். நம் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. தாத்தா அம்மாச்சியிடம் நேராக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்திருந்தவரின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, "உங்கம்மா கஞ்சி குடிச்சாளான்னு கேளு" என்று என்னிடம் சொல்வார். "குடிச்சாச்சுன்னு சொல்லு" என்று அம்மாச்சி சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். படம் நெடுகக் குறை சொல்லும் அம்மாச்சி, அந்தப் பாட்டு முடியும் வரை வாயே திறக்க மாட்டார்.

அந்த பைண்டு புத்தகம் இப்போது உன் மாமா வீட்டுப் பரணில் இருக்கிறது. கடைசிப் பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டதாம். மீதியையாவது படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வருவதற்கு முன் படத்தைப் பார்த்துவிடு. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும் என்பதால் விடுமுறை நாளாகப் பார்த்து உட்கார். மாப்பிள்ளைக்கு நாதஸ்வரம் பழக்கமில்லை என்றால் நாகேஷின் வைத்தியைக் காட்டு, பிறகு அவரே எழுந்து போக மாட்டார்.

அன்புடன்,
அம்மா