மஞ்சள் வண்டிக்கு மாற்றுச் சட்டை

மதுரை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் இல்லை, கை முழுக்க கிரீஸ் என்பதைத் தவிர. "அந்த மஞ்சள் கரிஸ்மா பைக் இன்னும் ஓடுகிறதா, இல்லை பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டாயா?" என்று கடைசி வரியில் கிண்டலாகக் கேட்டிருந்தாய். ஓடுகிறது. ஆனால் நீ நேரில் பார்த்தால் உடனே அடையாளம் தெரியாது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம், காய்கறிக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ரிவர்ஸில் வந்த ஒரு ஆட்டோ வண்டியின் முகத்திலேயே இடித்துவிட்டது. பெரிய இடி ஒன்றும் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. டூம் (ஹெட்லைட்டைச் சுற்றிய முன் மூடி), வைசர் (அதன் மேலுள்ள காற்றுத் தடுப்பு), ஹெட்லைட் மூன்றும் போச்சு. மீட்டர் கண்ணாடியில் விரிசல். ஆட்டோக்காரர் பாவம், நூறு ரூபாய் நோட்டு இரண்டை நீட்டினார். என்ன செய்வது, வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது, பழைய கரிஸ்மாவுக்கு டூம் தேடுவது கோயில் நகையைத் தேடுவது மாதிரி என்று. 2010 டிசம்பரில் இந்த வண்டியைச் சேர்ந்து செய்த ஹீரோவும் ஹோண்டாவும் பிரியப் போவதாக அறிவித்தபோது டீக்கடையில் உட்கார்ந்து, "இனி ஸ்பேர் பார்ட்ஸ் என்ன ஆகுமோ" என்று நீதான் புலம்பினாய். அப்போது சிரித்தேன். இன்ஜின் சாமான் இன்றைக்கும் எப்படியாவது கிடைக்கிறது. பிளாஸ்டிக்தான் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் காப்பி, ஒரு பக்கம் போல்ட் போட்டால் மறுபக்கம் விரல் நுழைகிற இடைவெளி விடுகிறது.

நம் மெக்கானிக் பாய்தான் வழி சொன்னார். "சார், 2009-ல வந்த கரிஸ்மா இசட்.எம்.ஆர். முகத்தை மாட்டிடலாம். இன்ஜின் ஒண்ணுதான், ரெண்டும் அண்ணன் தம்பி."

அவர் சொன்னது சரிதான். என் வண்டி 2003-ல் வந்த முதல் கரிஸ்மாவின் வார்ப்பு: 223 சி.சி., கார்புரேட்டர், 17 குதிரைத்திறன். ஹோண்டாவின் சி.ஆர்.எஃப். 230 என்ற மண்சாலை வண்டி இருக்கிறதே, அதன் வம்சத்து இன்ஜின். அதனால்தான் இந்த உழைப்பு உழைக்கிறது. இசட்.எம்.ஆரில் அதே 223 சி.சி.க்கு கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கொடுத்து, முழு ஃபேரிங் (வண்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் போர்வை) போர்த்தி, பின்னால் டிஸ்க் வைத்து, மீட்டரை முழுக்க டிஜிட்டல் ஆக்கினார்கள். 2014-ல் அதற்கு இன்னொரு முகம் வந்தது, நினைவிருக்கிறதா? அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என் கண்ணுக்கு 2009 முகம்தான் முகம்.

சரி என்று பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். காலையில் எழும்பூரில் இறங்கி, ஒரு காபியைக் குடித்துவிட்டு நடந்தே புதுப்பேட்டை பழைய பாகச் சந்தைக்குப் போய்விட்டேன். அந்த இடம் கொஞ்சமும் மாறவில்லை. மட்கார்டுகளைத் தோரணம் மாதிரி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே ஆயில் ஊறிய தரை. நாலாவது கடையில் வெள்ளை இசட்.எம்.ஆர். ஒன்று பிரித்துக் கிடந்தது. வலதுபுறம் கீறல்கூட இல்லை. இடதுபுறம் நடுப் பேனலில் மட்டும் நீளமான தேய்ப்பு, தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டு போன மாதிரி. "என்ன ஆச்சு இந்த வண்டிக்கு?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்க சார், பார்ட்ஸைப் பாருங்க" என்றார் கடைக்காரர். டூம், ஹெட்லைட், இரண்டு பக்கப் பேனல், கண்ணாடிகள், முன் ஸ்டே, மீட்டர் என்று எல்லாம் எடுத்தேன். மீட்டரோடு வரும் ஒயரையும், அதன் முனையில் செருகும் கப்ளரையும் ஒரு முழம் விட்டு வெட்டித் தரச் சொன்னேன். பாய் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "கப்ளர் இல்லாம மீட்டர் வாங்கினா அது வெறும் டப்பா."

மாட்டும்போது முதல் தலைவலி ஸ்டேயில் வந்தது. டூம், லைட், மீட்டர் மூன்றையும் தாங்குவது அந்த ஒரு இரும்புச் சட்டம்தான். அண்ணன் தம்பி என்றாலும் துளை ஒரு விரல்கடை தள்ளி இருந்தது. பாய் பட்டறைக்குப் போய் இரும்புப் பட்டையில் சின்னதாக இரண்டு துண்டு வெட்டி, துளை போட்டு நடுவில் வைத்தார். வண்டியின் சேஸியில் கை வைக்கவில்லை, அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எல்லாம் மாட்டி முடித்து ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் சுவிட்ச் பெட்டி வைசரில் இடிக்கிறது! பிறகு வாஷர் வைத்து வைசரைத் தூக்கி, ஒருவழியாக வழி விட்டது. இப்போதும் வலதுபுறம் முழுதாகத் திருப்பும்போது கட்டைவிரலைக் கவனமாக வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் சூடு. இசட்.எம்.ஆருக்கு ஆயில் கூலர் உண்டு. என் வண்டிக்கு இல்லை. காற்றில் ஆறுகிற இன்ஜினுக்கு முழுப் போர்வை போர்த்தினால் அது எங்கே போய் ஆறும்? முதல் நாள் ஆசைப்பட்டு அடிப்பேனலையும் சேர்த்து மாட்டிக்கொண்டு போனேன். கோரிப்பாளையம் சிக்னலில் நின்ற அந்த மூன்று நிமிடம் இருக்கிறதே, முழங்கால் இரண்டும் இட்லிச் சட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அடிப்பேனலைக் கழற்றிப் பரணில் போட்டேன். பார்க்க அரைகுறையாக இருக்கிறது, இருக்கட்டும். இன்ஜின் மூச்சு விடுகிறது.

இன்ஜெக்‌ஷனையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடலாமே என்று நீ கேட்பாய். அதற்கு டேங்க்குக்குள் பம்ப் வேண்டும், த்ராட்டில் பாடி, ஈ.சி.யூ. என்ற கணினிப் பெட்டி, சென்சார்கள், முழு ஒயரிங் என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கு வேறு வண்டியே வாங்கலாம். கார்புரேட்டர் என்றால் வத்தலக்குண்டில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு பிழைத்துக்கொள்ளலாம்.

இப்போது மீட்டர் கதை. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக அடக்கி வைத்திருக்கிறேன்.

ஒயர் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. இரண்டு வண்டியிலும் ஹோண்டா வழக்கப்படிதான் ஒயர் நிறம்: பச்சை என்றால் எர்த், கறுப்பு என்றால் சாவி போட்டபின் வரும் கரன்ட், சிவப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, நீலம் ஹைபீம், ஆரஞ்சு இடது இண்டிகேட்டர், வெளிர் நீலம் வலது. பழைய ஒயரிங்கில் ஒரு இடத்தில்கூட வெட்டு விழாமல், புதுப்பேட்டைக் கப்ளரை வைத்து நடுவில் இணைப்பு ஒன்று செய்தார் பாய். நாளைக்கே பழைய மீட்டரைத் திரும்ப மாட்ட நினைத்தால் பத்து நிமிட வேலை. ஒரே ஒரு தப்பு செய்தார்: சிவப்பையும் கறுப்பையும் ஒன்றாகவே சாவிக்குப் பின்னால் கொடுத்துவிட்டார். விளைவு, சாவியை எடுத்தால் கடிகாரமும் தூங்கிப்போகும். தினம் காலையில் வண்டிக்கு மணி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் சிவப்பைப் பேட்டரிக்கு நேராகக் கொடுத்ததும் சரியானது.

வேகம்தான் படுத்தியது. பழைய மீட்டருக்கு முன்சக்கரத்திலிருந்து கேபிள், புதியதற்கு சென்சார். கைக்குக் கிடைத்த வேறொரு வண்டியின் சென்சாரை முதலில் மாட்டிப் பார்த்தோம். ரிங் ரோட்டில் மீட்டர் 60 காட்டுகிறது, போனில் ஜி.பி.எஸ். 43 என்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை துடிப்பு என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறாம். மறுபடி புதுப்பேட்டைக்குப் போன் போட்டு இசட்.எம்.ஆர். சென்சாரையே பார்சலில் வரவழைத்தோம். இப்போது இரண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம். பெட்ரோல் முள்ளுக்குப் பதிலாக வந்த கட்டங்கள் மட்டும் இன்னும் பொய் சொல்கின்றன. டேங்க்கில் இருப்பது பழைய மிதவை, அது அனுப்பும் கணக்கு புது மீட்டருக்குப் புரியவில்லை. ஃபுல் டேங்க் போட்டாலும் பாதிக்கு மேல் ஏறாது. நான் ட்ரிப் மீட்டரைப் பார்த்து 400 கிலோமீட்டருக்கு ஒருமுறை போட்டுவிடுகிறேன்.

முதல்முறை சாவியைத் திருப்பியபோது நடந்ததைச் சொல்கிறேன், கேள். இசட்.எம்.ஆர். மீட்டரில் ஓட்டுபவர் பெயரைப் பதிந்து வைக்கலாம். சாவி போட்டால் பெயர் சொல்லி வரவேற்கும். எனக்கு இது சுத்தமாக மறந்துபோயிருந்தது. சாவியைத் திருப்பினேன். திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வந்தது. ஐந்து எழுத்து. யாரோ ஒருவருடைய பெயர். பெயர் மறைந்ததும் ஓடோமீட்டர்: 23,618.

பாய் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இடது பேனலில் இருந்த அந்தத் தேய்ப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. பட்டறைப் பையன் மட்டும், "அண்ணே, மாத்திடலாம்ணே, பட்டனை அமுக்கினா போதும்" என்றான். அன்றைக்கு வேண்டாம் என்றேன். இன்றுவரை மாற்றவில்லை. அந்த ஆள் எழுந்து வீட்டுக்கு நடந்து போயிருப்பார், இன்ஷூரன்ஸ் பணத்தில் வேறு வண்டி வாங்கியிருப்பார் என்றுதான் வைத்துக்கொள்கிறேன்.

பழைய மீட்டர் 96,412-ல் நின்றது. நம்மிருவருடைய கிலோமீட்டர் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை; துணியில் சுற்றி பீரோவில், ஆர்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் ஒரு அட்டையும் ஒட்டிவிட்டேன்: "பழைய மீட்டர் 96,412. புதியது 23,618-ல் ஆரம்பம்." என்றைக்காவது விற்றால் வாங்குபவன் ஏமாறக் கூடாது இல்லையா?

இதே காரணத்தால்தான் பெயின்டரோடு சண்டை. அவர் இசட்.எம்.ஆர். ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒட்டிடவா?" என்கிறார். இன்ஜெக்‌ஷன் இல்லை, பின்னால் டிரம் பிரேக்தான், கூலர் இல்லை. எந்த முகத்தோடு அந்தப் பெயரை ஒட்டுவது? கரிஸ்மா என்று மட்டும் எழுதச் சொன்னேன். சின்ன வண்டியில் ஆயிரம் சி.சி. வண்டியின் பெயரை ஒட்டிக்கொண்டு திரிகிற காலத்தில் இது அவருக்கு அநியாயத்துக்கு விசித்திரமாகப் பட்டது.

நிறம் அதே மஞ்சள். வெள்ளையாகவே விட்டால் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆர்.சி.யில் மஞ்சள் என்று இருக்கிறது. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும். 2021-ல் பதினைந்து வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன். அடுத்த வருஷம் மறுபடி காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்ததை மாற்றக் கூடாது என்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இன்ஜின், சேஸி எண், நிறம், எரிபொருள் எதையும் நான் தொடவில்லை. இருந்தாலும் எனக்கு முழு நிம்மதி இல்லை. அதனால்தான் பழைய ஸ்டேயைக்கூட எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

மொத்தச் செலவு: பிளாஸ்டிக் 9,500, மீட்டரும் சென்சாரும் 4,200, பெயின்ட் 7,000, பாய்க்குக் கூலி 3,300. கூட்டினால் 24,000. வீட்டில் 15,000 என்று சொல்லியிருக்கிறேன், நீ போனில் உளறிவைக்காதே. என் மகன், "அப்பா, 2023-லயே புது கரிஸ்மா வந்துடுச்சு, 210 சி.சி., ஆறு கியர், தண்ணில ஆறுற இன்ஜின்" என்றான். ஷோரூமுக்குப் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். அவன் வாங்கும் வயதில் வாங்கட்டும்.

பெருமாள்மலை வளைவில் மண்ணில் சறுக்கி விழுந்தோமே, அன்று உடைந்து நீ எம்-சீல் வைத்து ஒட்டிய அந்த வலது துண்டு, ஆட்டோ இடித்தும் உடையாமல் தப்பித்திருந்தது. மற்றதெல்லாம் நொறுங்க, உன் ஒட்டு மட்டும் நிற்கிறது! அதைப் பரணில் அடிப்பேனலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உன் முழங்கால் தழும்பு எப்படி?

இங்கே மற்றபடி எல்லாரும் நலம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் கேட்டராக்ட் எடுத்தாயிற்று. இப்போது மொட்டைமாடியிலிருந்து தெருவில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நம் டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. உன் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்தேன், மொய் உன் பெயரிலும் சேர்த்துத்தான் எழுதினேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். எதிர்சேவை முடிந்த மறுவாரம் கொடைக்கானல் போவோம், பழைய வழியிலேயே, விடிவதற்குள் கிளம்பி. மஸ்கட்டிலிருந்து வரும்போது உனக்கு ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கி வா. இங்கே பின்னால் உட்காருபவன் போடாவிட்டாலும் இப்போது 1,000 ரூபாய் அபராதம், அதை நான் கட்ட மாட்டேன்.

அன்புடன்,
உன் மாப்ளே