குப்பியில் இல்லாத அளவு

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கஞ்சா பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மூட்டுவலி, தூக்கமின்மை, புற்றுநோய், வலிப்பு என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கி, அத்தனைக்கும் அது மருந்து என்று எழுதியிருந்தீர்கள். அந்த 'மருந்து' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது.

என் மகளுக்கு ஒன்பது வயது. லெனாக்ஸ்-கஸ்டாட் என்னும் கடுமையான வலிப்பு நோய். நின்றுகொண்டிருக்கும்போதே வெட்டிய மரம்போல் சாய்ந்துவிடுவாள். வீட்டுக்குள்ளும் தலைக்கவசத்துடன்தான் நடமாடுகிறாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு கஞ்சா எண்ணெய் வாங்கினேன். மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது என்றார் விற்றவர். எத்தனை சொட்டு என்று கேட்டேன். குழந்தை தாங்கும் அளவுக்குக் கொடுங்கள் என்றார். மருத்துவரிடம் சொல்லாமலே கொடுத்தேன். மூன்றாம் வாரம் ஒரு காலையில் மகளை எழுப்பவே முடியவில்லை.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. அவள் ஏற்கெனவே வால்புரோயேட், குளோபசாம் என்னும் இரண்டு வலிப்பு மருந்துகள் சாப்பிடுகிறவள். கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி என்னும் வேதிப்பொருள், உடலில் குளோபசாமின் வீரியத்தைக் கூட்டி மயக்கத்தில் ஆழ்த்தும். வால்புரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரலைத் தாக்கக்கூடும். மருத்துவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிபிடி எவ்வளவு, போதை தரும் டிஎச்சி எவ்வளவு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இந்தச் செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. மகளின் நோய்க்கே தூய சிபிடி மருந்து ஒன்றை அமெரிக்கா 2018-ல் அனுமதித்தது. அதற்கான ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் தினமும் பெற்றவர்களுக்குக் கீழே விழச் செய்யும் வலிப்புகள் ஏறத்தாழ 42 சதவீதம் குறைந்தன. ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்து இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 17 சதவீதம்தான் குறைந்தன. என்னைப் போன்ற தாய்க்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எழுதிப் புரியவைக்க முடியாது. ஆனால் அங்கே எடை பார்த்து அளந்து கொடுத்தார்கள், கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். நான் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூவையும் பிசினையும் தடை செய்கிறது. பூ சேராத தனி இலை அந்த வரையறைக்குள் வராது. இலைச்சாறு எண்ணெய்கள் இந்த வழியாகத்தான் சந்தைக்கு வருகின்றன. இலையிலும் டிஎச்சி உண்டு என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

இன்னொன்று. கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மூத்த மகனும் அதைப் படித்தான். "அப்படியென்றால் கஞ்சா நல்லதுதானே அம்மா?" என்று கேட்டான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், டிஎச்சி மிகுந்த கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார்கள். மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். மருந்து என்று நீங்கள் எழுதியதும், தெருமுனையில் பொட்டலமாக விற்கப்படுவதும் ஒன்றல்ல என்று அவனுக்கு விளக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று.

அடுத்த இதழிலேயே ஒரு நரம்பியல் மருத்துவரையும் ஒரு மனநல மருத்துவரையும் எழுதச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கு இந்த எண்ணெயைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு முதல் பத்தியிலேயே பதில் வரட்டும். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இன்று எத்தனை பேர் குப்பிக்குப் பணம் கட்டியிருப்பார்களோ என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருச்சி