ஒரு ராத்திரி வியாபாரம்

கொலம்பஸ், ஒகையோ
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே குளிர் இறங்கிவிட்டது. போன வாரம் போனில், "பேரை வாங்கி விக்கிறியாமே, என்னடா அது?" என்று கேட்டீர்கள். பாதியில் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன்.

விற்கவில்லை அப்பா, வாடகைக்கு எடுக்கிறேன். டாட் காம் என்று முடிகிற இணையதளப் பெயர்தான். ஒன்றுக்கு வருடம் பன்னிரண்டு டாலர், நம்மூர்க் கணக்கில் ஆயிரம் ரூபாய். கட்டுகிறவரை நம்முடையது. வேலை விசாவில் பக்கத்தொழில் கூடாது. கிரீன் கார்டு வந்த பிறகு ஆசைப்பட்டு ஒன்பது பெயர் பிடித்தேன். எல்லாம் பண்டிகைப் பெயர்கள்.

ஓடியது ஒன்றே ஒன்று. அக்டோபர் கடைசியில் இங்கே ஹாலோவீன். பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். எங்கள் பக்கம் அதற்கு 'பெகர்ஸ் நைட்' என்று பெயர், பிச்சைக்கார ராத்திரி! தேதியும் எப்போதும் 31ஆக இருந்ததில்லை. 2021இல் 31 ஞாயிற்றுக்கிழமை வந்தது. 28ஆம் தேதி வியாழனே முடித்துவிட்டார்கள். ஆகவே "எங்கள் பேட்டையில் என்றைக்கு, எத்தனை மணிக்கு" என்று ஜனங்கள் தேடுவார்கள். அந்தக் கேள்வியையே பெயராக எடுத்து, ஊர் ஊராக நேரத்தைப் போட்டேன். ஓரத்தில் விளம்பரம். வேஷ உடை இணைப்பை அமுக்கி யாராவது வாங்கினால் கமிஷன். தளத்தை ஜூலையிலேயே போட்டுவிட வேண்டும். கூகிள் கண்ணில் பட மாதக்கணக்காகும். நீங்கள் சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருடக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் இறக்குகிற மாதிரிதான்.

அக்டோபரில் 412 டாலர். பாதிக்கு மேல் கடைசி மூன்று நாளில். பெகர்ஸ் நைட் அன்று மிட்டாய்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன், இன்னொரு கையில் போன். தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. எலும்புக்கூடு வேஷத்தில் ஒரு பொடியன் பையை விரித்தபடி நிற்கிறான். நான் கவனிக்கவே இல்லை. அவனே கையைவிட்டு ரெண்டு பிடி அள்ளிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் தளத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவன் நான்.

மற்ற எட்டும் சேர்ந்து பதினொரு டாலர். ஒன்றில் பெரிய பொம்மைக் கம்பெனியின் பெயரை ஒட்டவைத்திருந்தேன். வக்கீல் கடிதம் வந்தது, விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இன்னொன்றில் பெயரோடு 2023 என்று வருஷத்தைச் சேர்த்துத் தொலைத்தேன். சிவகாசிக்காரன் பிள்ளை செய்கிற காரியமா? விற்காத காலண்டரையாவது நீங்கள் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போடுவீர்கள். இதை எந்தத் தராசில் வைக்க?

உட்கார்ந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் கூலி கட்டாது. இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் புதுப்பிக்கப் போகிறேன். அம்மாவிடம் 412 என்று சொல்ல வேண்டாம், உடனே வளையல் கணக்குப் போடுவாள்.

அச்சாபீஸில் புது வருட டெய்லி காலண்டர் தயாரானதும் ஒன்று அனுப்புங்கள். போன தடவை தபாலில் அட்டை மடங்கி, முருகர் முகத்துக்குக் குறுக்கே கோடு விழுந்துவிட்டது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்