சனிக்கிழமை வந்தவர்களுக்கு

வணக்கம்.

பார்ம்.டி. என்ற மருந்தாளுநர் படிப்பு படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு சனிக்கிழமை முழுவதையும் கொடுத்த தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் இந்த மடல். வீட்டில் நீங்கள் கவனித்துவரும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தீர்கள். முதல் நன்றி அதற்கு.

எந்த மருந்து எதோடு சேராது என்று எங்கள் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வாங்கிப் போகிறவர் ராத்திரி எத்தனை தடவை எழுந்தார் என்று கேட்கத் தெரியாது. பாடமாகச் சொல்லிப் பார்த்தோம், பதியவில்லை. அதனால் வகுப்பறையை வீடாக்கி, நோயாளியைப் பார்த்துக்கொள்பவராக மாணவர்களை நடிக்க வைத்தோம். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒன்பது டப்பாக்களில் மாத்திரைக்குப் பதில் மிட்டாய். பழைய டப்பாக்களைத் தேடிக் கொடுத்த மெடிக்கல் கடை அண்ணனுக்கும் நன்றி.

மறதி நோய் வந்த அம்மாவாக நடித்த வியாசர்பாடி நாடகக்காரம்மா, வாயில் வைத்ததை மூன்று தடவை துப்பினீர்கள். "நீ யாரு? எம் பொண்ணு எங்கே?" என்று கேட்டதும் எங்கள் மாணவி தம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து "தண்ணி லாரி வந்துடுச்சி!" என்று கத்தச் சொன்னது காசிமேட்டு அக்காவின் யோசனை. குடத்தை எடுப்பதா, எட்டு மணி மாத்திரையைக் கொடுப்பதா? வாத்தியார்கள் எங்களுக்கு இது தோன்றியே இருக்காது.

இன்சுலின் மேசையில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஒரு மாணவன் மில்லிக்கு 40 யூனிட் மருந்துள்ள குப்பியிலிருந்து, மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்தான். (குப்பியில் இருந்தது வெறும் தண்ணீர்.) நாங்கள் வாய் திறப்பதற்குள், அப்பாவுக்குத் தினமும் ஊசி போடும் தண்டையார்பேட்டை அக்கா, "தம்பி, இதுக்குச் சிவப்பு மூடி வேணும். இதுல போட்டா எட்டு யூனிட்தான் போகும்" என்றார். கணக்கு மிகச் சரி. ஒருமுறை ஒரு கடையில் சிரிஞ்சை மாற்றிக் கொடுத்துவிட, அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போய், காரணம் புரியாமல் அக்கா நான்கு நாள் அழுதாராம். அப்புறம் அந்த மேசையை அவரிடமே விட்டுவிட்டோம். மீதி மாணவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்து, பிரித்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடிய கொருக்குப்பேட்டை அண்ணன், அது நடிப்பில்லை என்று எங்கள் பிள்ளைகளுக்குப் புரிந்தது. பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை.

அடுத்த முறை நீங்கள் வரும்போது உங்கள் வீட்டு நோயாளிக்குத் துணையாக உட்கார எங்கள் மாணவர்கள் இரண்டிரண்டு பேராக வருவார்கள். அவர்களே கேட்டார்கள். கொருக்குப்பேட்டை அண்ணன், உங்கள் டிபன் கேரியர் எங்களிடம்தான் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறோம், கொண்டுவந்து தருகிறோம்.